மூன்றரை மணிக்கு முன் ஓடிய ஃபேன்

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்குப் பதினொரு வயது. அந்தக் கோடையில் கீழக்கரையில் எங்கள் தெருவுக்குப் பகல் இரண்டு மணிக்குக் கரண்டு போகும். நான்கு மணிக்குத்தான் வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி பிறந்து நாற்பதாம் நாள். வாப்பா சவுதியில் இருந்தார். பிள்ளையை அவர் இன்னும் பார்த்ததில்லை. அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்ததும், நம் நேரப்படி மூன்றரைக்கு, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. அதற்காக மாமா தன் பழைய லேப்டாப்பையும் டேட்டா கார்டையும் கொண்டுவந்து வைத்திருந்தார். அதன் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். உம்மா காலையிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு என்னை எச்சரித்தார்.

"ஏ புள்ள, வாப்பா கூப்புடுற வரைக்கும் இதத் தொடக்கூடாது, ஆமா."

இரண்டு மணிக்குக் கரண்டு போனது. உம்மா அடுக்களையில், விருந்துக்கு வந்தவர்களோடு இருந்தார். புதுச்சட்டையில் தம்பி வியர்த்துக் கத்தினான். அழுமூஞ்சியாக அவனை வாப்பாவுக்குக் காட்டுவதா? எனக்குப் பொறுக்கவில்லை.

மாமாவின் செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன் ஒன்று என்னிடம் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் மவுஸ் வயரை அறுத்தேன். உள்ளே நான்கு கம்பிகள். ஃபேன் கம்பிகளோடு சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு முறுக்கி, மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். பாவாடைக்கு நிறம் பார்த்துச் சட்டை பொருத்துகிற அறிவுதான், வேறொன்றுமில்லை. லேப்டாப்பைத் திறந்து பித்தானை அழுத்தி, யுஎஸ்பி ஓட்டையில் சொருகினேன். ஃபேன் அசையவில்லை. விரலால் சுண்டிவிட்டதும் மனமில்லாமல் சுற்றத் தொடங்கியது. பன்னிரண்டு வோல்ட் கேட்கிற ஃபேனுக்கு அந்த ஓட்டை ஐந்துதான் தரும் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனாலும் காற்று வந்தது, தம்பி தூங்கினான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

லேப்டாப்பைத் தொடக்கூடாது என்பது மறந்துபோகவில்லை. ஃபேனுக்கென்று தனி ஓட்டை இருக்கிறது, பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் விஞ்ஞானம். மூன்று மணிக்குத் திரை கறுத்து, ஃபேன் நின்றது. சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று மூடிவைத்தேன்.

மூன்றரைக்கு உம்மா பட்டுச்சேலையும் பூவுமாக வந்து உட்கார்ந்தார். பித்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். தொங்கிய வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொடையில் விழுந்த கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அவர் கண் கலங்கியதுதான் எனக்கு அதைவிட வலித்தது.

செல்போன் அடித்தது. உம்மா ஸ்பீக்கரில் போட்டார். "கரண்டு இல்லங்க. பேட்டரியும் தீந்துபோச்சு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் தம்பி விழித்து வீறிட்டான். உம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

"போன எடுத்துராத. அவன் வாய்க்கிட்டயே வையி" என்றார் வாப்பா.

தம்பி மூச்சுப்பிடித்து அழுதான். உம்மா தூக்கித் தட்டிக்கொடுக்கப் போனபோது, "இரு, இன்னுங் கொஞ்சம்" என்று மட்டும் போனிலிருந்து கேட்டது.

மறுநாள் என் சிநேகிதியிடம், எங்கள் வாப்பா ஒரு மாதிரி, பிள்ளை அழுதால் அவருக்குச் சந்தோஷம் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன்.