போனுக்குக் காவல்

கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அப்பா போன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். சத்தம் கேட்டால் திருப்தியாக வைத்துவிடுவார். கப்பலில் வேலை பார்க்கும் மகன் கூப்பிடுகிற நேரத்தில் லைன் செத்துக் கிடக்கக் கூடாதே. லாரி உதிரிபாகக் கடையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற கை அது; எதையும் சரிபார்க்காமல் விடாது. மகள் பல வருடங்களாகப் பார்க்கிற பழக்கம். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போயிருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் மேற்படிப்பு விண்ணப்பத்தை அவள் மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். பின்னறையில் இருந்தது கல்லூரி கழித்துக்கட்டிய கணினி, அதில் யூனிக்ஸ் இயங்குதளம். அதை இணையத்தோடு சேர்க்கும் மோடம் டயல் செய்யும், கிறீச்சிடும், கடவுச்சொல் போகும், இணைப்பும் கிடைக்கும். விண்ணப்பம் பாதி போவதற்குள் அறுந்துவிடும். காரணம் கேட்டால் கணினி ஒரே வரியைத்தான் சொன்னது: மோடம் துண்டிக்கப்பட்டது.

வேகத்தைக் குறைத்தாள். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள். டயல் செய்யவைக்கும் நிரலையே அழித்து முதலிலிருந்து எழுதினாள். எதற்கும் மசியவில்லை. இதெல்லாம் நமக்கு எதற்கு என்று உள்ளே ஒரு குரல். அந்த வீட்டில் அவளுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

நாலரைக்கு அப்பா எட்டிப் பார்த்தார். "லைன் கெட்டுப்போச்சும்மா. காலையிலேருந்து பேய் மாதிரி கத்துது. நானும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பாக்குறேன்."

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"நீங்க எடுக்கிறதாலதாம்பா அறுந்து போகுது! அந்த போனும் இந்த மோடமும் ஒரே லைன்! ஒரு நாள் அந்தக் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நீ கம்ப்யூட்டர்லதானே உக்காந்திருக்கே, போன்லயா பேசுறே?"

முணுமுணுத்துக்கொண்டே போய், போன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடையைக் காத்தது போதாதா? இப்ப போனுக்கும் காவலா?" என்றாள் அம்மா.

"தொடாதே! யாரும் தொடக் கூடாது!"

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"போயிடுச்சுப்பா."

"சரி, அந்தப் பேய்க் கத்தல்ல அப்படி என்னதான் பேசிக்குதுங்க?"

"அப்புறம் சொல்றேன்பா."

கணினிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கல்லூரியில் பாடம் எடுப்பதுதான் இன்று அவள் வேலை. ரிசீவரைத் தொடும் முன் "எடுக்கலாமாம்மா?" என்று அப்பா இப்போதும் கேட்கிறார். அந்தப் பேய்க் கத்தலில் என்ன பேசிக்கொண்டன என்று அவருக்கு மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை.