இஞ்சினுக்கு அம்மா வைத்த பொட்டு

புது ரப்பரின் வாசனை மற்றவர்களுக்குச் செருப்புக் கடையை நினைவூட்டலாம். எனக்கோ, மலேசியாவின் கிள்ளானில், தாமான் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டு முன்வாசலில் அப்பா பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பட்டைதான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வரிசையாகப் பற்கள். "பெல்ட்டுக்கு எதுக்குப்பா பல்லு?" என்று கேட்டேன். பத்து வயதில் எனக்கு வாய் சும்மா இருக்காது. இப்போதும் இருப்பதில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அப்பா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அவரிடம் பழைய சிவப்பு ஜப்பான் "ஸ்போர்ட்ஸ் காடி" ஒன்று இருந்தது. இரண்டே கதவு, பட்டனைத் தட்டினால் கண்ணைத் திறக்கிற முன்விளக்குகள், பின்சீட் என்று பெயருக்கு ஒரு பலகை; அதில் நான் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பேன். தோற்றத்தில்தான் அத்தனை மிடுக்கு. பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியில் மேம்பாலம் வந்துவிட்டால் போதும், அதற்கு மூச்சு வாங்கும். பின்னால் வரும் லோரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடிப்பான், அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். ஏன் இப்படித் திணறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அப்பா ஞாயிறு தவறாமல் அதன் அடியில் கிடந்தார். "நானும் ஒரு ஸ்பேர் பார்ட்டா பொறந்திருந்தா வாரத்துல ஒரு நாளாச்சும் இந்த மனுஷன் என்னயத் திரும்பிப் பாத்திருப்பாரு" என்று அம்மா வெளியே தெரிந்த அந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொல்வார்.

அந்த வருடம் "டைமிங் பெல்ட்டில்" வெடிப்பு கண்டது. இஞ்சினின் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒன்றோடொன்று பிசகாமல் சுற்ற வேண்டும், இரண்டையும் பிணைத்து ஓட்டுவது இந்தப் பட்டைதான், இது அறுந்தாலோ தப்பாக மாட்டினாலோ உள்ளே இரும்பும் இரும்பும் மோதி இஞ்சினே போய்விடும் என்று அப்பா எனக்கு விளக்கினார். அப்படிப்பட்ட வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுக்காமல் வீட்டிலேயே செய்யப் போவதாக வேறு சொன்னார். அந்நியன் கை தன் காடியின் வயிற்றுக்குள் போவது அவருக்குப் பிடிக்காது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதான் கடைசி. இந்தத் தடவ ஓடலன்னா பெசி பூரோக்குக்குக் குடுத்துடணும். நாலு கதவு உள்ள காடி ஒண்ண வாங்கி மனுஷங்க மாதிரி எங்கயாச்சும் போவோம்." பழைய இரும்பு வாங்குகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"சரிலா, சத்தியமாக் குடுத்துடறேன்" என்றார் அப்பா. வீட்டில் அவர் சத்தியம் செய்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வேலை தொடங்கிய அன்று கவிழ்த்த பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து நான் கேள்வி கேட்டே அவர் உயிரை வாங்கினேன். மேல்மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரே எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பு மண்ணும்தான். பழைய பட்டையை உருவுவதற்கு முன், என் பள்ளிப் பையிலிருந்த "லிக்விட்" பாட்டிலை வாங்கி, மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் பட்டையிலும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டார். எழுதியதை அழிக்கிற மையால் அப்பா எழுதுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. "இந்தக் கோடு இருக்கற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு மாட்டிடலாம். கோடு போச்சு, காடி போச்சு" என்றார். பட்டையை உருவிய பிறகுதான் அதை இழுத்துப் பிடிக்கிற சிறு உருளையும் தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. எதிர்வீட்டு சேகர் அங்கிளின் காடியில் ஏறி, அதை வாங்கக் கடை கடையாகப் புறப்பட்டுப் போனார்.

அன்றைக்கு ஆயுத பூசை. தெருவில் எல்லா வீட்டு வாகனங்களும் குளித்து மாலை போட்டுக்கொண்டு நின்றன. அம்மாவும் எங்கள் வீட்டு அரிவாள்மணை, தையல் இயந்திரம், அப்பாவின் ஸ்பானர்கள் எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்து வரிசையாக வைத்தார். பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு, திறந்து கிடந்த இஞ்சினுக்குள் குனிந்தார். நான் பூக்கட்ட உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால், சக்கரங்கள் பாத்திரக்கடைப் பாத்திரம்போல் பளபளக்கின்றன. ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வெள்ளைக் கோடு இருந்த சுவடே இல்லை.

அப்பா உருளையோடு திரும்பி வந்தார். பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாரு தொடச்சது?"

"நாந்தான். பூசைக்கு அழுக்கோடயா வைப்பாங்க?"

"வசந்தி... வேணும்னு செஞ்சியா?"

"நல்லா இருக்கே கத! சாமி காரியத்துல யாராச்சும் வெளையாடுவாங்களா?" என்று அம்மா வெடித்தார். "ஒங்க காடி நல்லா இருக்கணும்னு பொட்டு வச்சேன் பாருங்க, என்னயச் சொல்லணும்!"

சேகர் அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிச்சுலா அண்ணே, பெசி பூரோக்குதான்" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் இஞ்சின் முன்னால் உட்கார்ந்து, மேல் சக்கரத்தின் பொட்டைக் கட்டைவிரலால் வழித்தார். சந்தனம் வந்துவிட்டது; குங்குமம் மட்டும் மயிரிழை போல ஒரு கோடாக நின்றது. மறுபடி வழித்தார், போகவில்லை. அது ஒரு பள்ளம். இரும்பிலேயே வெட்டிய கோடு. இத்தனை வருடப் பிசுக்குக்குள் புதைந்து கிடந்ததைத் துணி வெளியே கொண்டுவந்திருந்தது, குங்குமம் அதற்குள் இறங்கியிருந்தது. அப்பா அவசரமாகக் கீழ்ச் சக்கரத்தையும் துழாவினார், அங்கேயும் ஒன்று. இரண்டு வெட்டுகளையும் இஞ்சின் உடம்பில் அவற்றுக்கு எதிரே இருந்த அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கீழ் வெட்டு நேராக இருந்தது, மேல் வெட்டு ஒரு பல் தள்ளி நின்றது. "அடப்பாவி! ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கான்" என்றார். அவர் வாங்குவதற்கு முன்பே எவனோ செய்த வேலை. மேம்பாலத்தில் மூச்சு வாங்கியதெல்லாம் அந்த ஒரு பல்லால்தான். தான் போட்ட கோட்டைப் பார்த்து மாட்டியிருந்தால் அந்தத் தப்பையே பத்திரமாகத் திரும்ப மாட்டியிருப்பேன் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெட்டுகள் இரண்டையும் அடையாளங்களுக்கு நேராக நிறுத்திப் புதுப் பட்டையை மாட்டி, சாவியைத் தொடாமல், ஸ்பானரால் இஞ்சினைக் கையாலேயே சுற்றினார். எங்கும் முட்டவில்லை. எல்லாவற்றையும் மூடிப் பூட்டியபின் சாவியைத் திருப்பினார். அதுவரை நான் கேட்டேயிராத ஒரு சத்தம், இழுபறி இல்லாமல் சீராக வந்தது. நான் பின்சீட்டுக்கு ஓடினேன். "நீ எறங்கு" என்றார் அப்பா. "வசந்தி, மொத ரவுண்டுக்கு நீ வா."

அவர்கள் இருவரும் போன பிறகு எனக்கு வந்த கோபத்தில் சேகர் அங்கிள் கொடுத்த சுண்டலைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காடிக்கு அடியில் அப்பாவின் கால்கள் தெரியவில்லை. காஜாங்கில் சாத்தே சாப்பிட, அம்பாங்கில் அத்தை வீட்டுக்கு என்று போய்க்கொண்டே இருந்தோம். போகிற இடத்திலெல்லாம் அப்பா, "எம் பொண்டாட்டி கைராசி அப்படி. அவ வச்ச பொட்டுலதான் இந்தக் காடி ஓடுது" என்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவும் இல்லை, அந்தக் காடியும் இல்லை. என்னுடையது மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு டைமிங் பெல்ட்டே கிடையாது. போன ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்த அம்மா, முன்மூடிக்குள் வெறும் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்துவிட்டு, எங்கே பொட்டு வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார்:

"அன்னிக்கு அந்தக் கோட்ட நான் வேணும்னேதான்டி அழிச்சேன். அந்தக் காடி தொலையட்டும்னுதான். ஓடும்னு யாரு கண்டா? அப்பறம் ஊரெல்லாம் எங்கைராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. எந்த வாயால சொல்றது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பாவுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்மா" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "தெரியாது. தெரிஞ்சிருந்தா கேலி பண்ணியே என்னய ஒரு வழி பண்ணியிருப்பாரு. நாந்தான் சொல்லாமலே அனுப்பி வச்சுட்டேன்" என்றார்.