தம்பிக்கு வாய்க்கரிசி

தம்பி இறந்த மறுநாள், பாறசாலையில் அவன் வீட்டில் பெட்டியை மூடப் பத்தரை மணி என்று குறித்திருந்தார்கள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோன அரிசியை எடுத்தேன். இதுவரை பதினோரு பேருக்கு வாய்க்கரிசி போட்டிருக்கிறேன். என்னைவிட இளையவன் ஒருவனுக்குப் போடப்போவது இதுதான் முதல்முறை.

தம்பியின் மனைவி என் கையைப் பார்த்துவிட்டாள். அவளைக் கட்டியபோது அவன் சபையில் சேர்ந்தான்; இருபத்தாறு வருடம் ஆகிறது. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்.

"அது வேண்டாம் அத்தான். அவரு ஞானஸ்நானம் எடுத்த ஆளாக்கும்."

"எனக்க தம்பியும் ஆக்கும்," என்றேன். எல்லாம் ஒரே கடவுள்தானே என்றும் சேர்த்துச் சொன்னேன். அது அவளை இன்னும் நோகடித்தது. எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மணி பத்தே கால்.

தலைமாட்டில் இருந்த அவர்களுடைய மகள் எழுந்து வந்தாள். பல்கலைக்கழகத்தில் மதங்களைப் பற்றி எம்.ஏ. படிக்கிறவள். சாமியைப் படித்து எந்த ஆபீசில் உட்காரப்போகிறாய் என்று அவளிடம் மூன்று முறை கேட்டவன் நான்.

அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "பெரியப்பா, அரிசி போடும்ப என்ன சொல்லுவிய?"

பதினோரு முறையும் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

"ஒண்ணும் சொல்லமாட்டேன் மக்கா. பசியோட போவப்பிடாது, அதாக்கும்."

அவள் தாயிடம் திரும்பினாள். "உனக்கு எதும்மா பயம்?"

"வேற சாமிக்க பேரு அவருக்க மேல விழப்பிடாது."

"பெரியப்பா எந்தச் சாமிக்க பேரும் சொல்லமாட்டாவ. ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல்ல. அவியளுக்கு இது பெரிசு, உனக்கு உன் விசுவாசம் பெரிசு. நீ வேண்டாம்னா மூடிருவோம்."

தகப்பனைப் பறிகொடுத்த பெண் அவள். எங்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் இருவர் மனதிலும் இருந்ததை எங்களுக்கே எடுத்துக் காட்டினாள். எழுபத்தெட்டு வயதில் எனக்கு வராத காரியம். இதைத்தான் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களா?

தம்பியின் மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி மூணு நாளா அவருக்குக் கஞ்சி இறங்கல்ல," என்றாள். பிறகு ஒதுங்கி நின்றாள். "போடுங்க அத்தான்."

போட்டேன். ஜெபம் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் வழக்கம்போல முற்றத்தில் இறங்கி நின்றார்கள். நான் உள்ளேயே நின்றேன். தம்பி மகள் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.