பைத்தான் பரீட்சையும் பக்கத்து அறையும்

நாற்பதைத் தாண்டியவளுக்கு எதற்குப் பைத்தான் புரோகிராமிங் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆசைப்பட்டா படித்தேன்? அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிராணி, குமாஸ்தா வேலை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு தினமும் கொமியூட்டர் ரயில் பிடிக்க ஓடுவேன். பக்கத்து வீட்டு ஆன்டிதான் மதியம் வந்து சோறு கொடுப்பார். அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதென்றால் ஆன்டியும் நானும் சேர்ந்து தூக்கினால்தான் முடியும். அப்பா அவ்வளவு கனம்.

அந்த ஆன்டி ஒருநாள், "மகளுக்குப் பிள்ளை பொறக்கப் போவுது லா. நான் பந்திங்குக்கே போயிடுறேன்" என்றார். "அப்பாவ ஒரு முதியோர் ஹோம்ல சேர்த்துடு. ஒத்த ஆளா எத்தன நாளைக்குத்தான் ஓடுவே?"

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஹோமாவது ஒன்றாவது! வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை கிடைத்துவிட்டால் அப்பா எங்கேயும் போக வேண்டியதில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள்தான் வீட்டில் கைலியைக் கட்டிக்கொண்டு சம்பாதிக்கிறார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். சரி, நாமும் எழுதிப் பார்த்துவிடுவோம் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

இலவச வீடியோக்கள்தான் வாத்தியார். அதில் பேசுகிறவன் 'இது ரொம்ப ஈசி' என்று சொல்லும்போதெல்லாம் அவனை ஓங்கி அறையலாம் போலிருக்கும். ஒரு வரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் போதும், திரையில் சிவப்பாக நாலு வரி திட்டு விழும். நானும் சும்மா விடமாட்டேன், பதிலுக்குத் திட்டுவேன்.

"யாரும்மா அது? ஏன் அவன இந்தக் கிழி கிழிக்கிற?" என்று பக்கத்து அறையிலிருந்து அப்பா கேட்பார்.

"ஆளு இல்லப்பா, கம்ப்யூட்டர்!"

"அப்ப எனக்கும் சேர்த்து ரெண்டு போடு."

ராத்திரி புரிந்தது, மறுநாள் ரயில் சுபாங் தாண்டுவதற்குள் மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. ஆனாலும் மாதக்கணக்கில் முட்டி மோதியதில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கண்ட கண்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. வீட்டிலிருந்து செய்யும் வேலை. முதலில் ஆன்லைனில் ஒரு பரீட்சை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பரீட்சைக்குச் சட்டதிட்டம் வேறு. கேமரா முழுநேரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். வேறு ஆள் குரல் கேட்கக்கூடாது. நாற்காலியை விட்டு எழுந்தால் பரீட்சை அதோடு முடிந்தது. ஆன்டி முந்தின வாரம்தான் பந்திங்குக்குப் போய்விட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சோறு ஊட்டி, கை எட்டுகிற தூரத்தில் தண்ணீரை வைத்தேன்.

"அப்பா, நான் வெளியே வர்ற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. உங்க குரல் கேட்டா எல்லாம் போச்சு."

"நான் வாயத் தொறக்கவே மாட்டேன், நீ போய் எழுது" என்றார்.

முதல் கணக்கு எனக்குத் தெரிந்தது. எழுதிவிட்டேன். இரண்டாவதில் ஒரு லிஸ்டைப் பிரித்து அடுக்க வேண்டும். பாதி வந்திருப்பேன். அடுத்த அறையில் தொப்பென்று ஒரு சத்தம்.

கழுத்தைத் திருப்பினேன். 'திரையைப் பார்க்கவும்' என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. பார்த்தேன். காது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. தண்ணீர்க் குவளையாக இருக்கும். ஏதாவதென்றால் கூப்பிட்டிருப்பாரே? பிறகுதான் உறைத்தது, அவர் கூப்பிடமாட்டார். எழுந்து ஓடினேன்.

அப்பா கட்டிலுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். வலி தாங்காமல் தோள் துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன் வந்தே? நான்தான் கூப்பிடவே இல்லையே!" என்று கோபித்துக்கொண்டார். "தண்ணி எடுக்கப் போயி விழுந்துட்டேன். சத்தம் போட்டேனா? போடலையே. போ, போயி எழுது."

"இனிமே எழுத முடியாதுப்பா. எழுந்து வந்தாச்சுன்னா அவ்ளோதான்."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அதுவும் முடியவில்லை. கீழே காவலுக்கு இருக்கும் ஜாகாவுக்குப் போன் போட்டேன். கேட்டில் ஆள் மாறட்டும், வருகிறேன் என்றார். வேறு வழி தெரியாமல் நானும் தரையில் உட்கார்ந்து அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அடக்கவில்லை.

அப்பா இடது கையால் என் முழங்காலைத் தட்டினார்.

"அந்த ஆன்டி சொன்ன ஹோமுக்கே நான் போறேம்மா. அங்க தூக்கறதுக்கு ஆளுங்க இருப்பாங்க."

எல்லாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் நான். வேண்டாம்ப்பா என்று ஒரு வார்த்தை அப்போது என் வாயில் வரவில்லை.