முப்பத்தேழு டிகிரி மத்தியானம்

ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவளுக்கு, பாட்டில் உடைவதைவிடப் பெரிய பயம், உடையாத பாட்டிலில் சோப்பு ஒட்டியிருக்குமோ என்பது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடிப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், எட்டாம் வகுப்போடு நின்ற நான், நாயுடுபுரத்தில் ஒரு சின்னக் கூடத்தில் ஐந்து வருடம் கழுவினேன். அங்கே புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, மருந்து ஊற்றிக் கொன்று பார்ப்பார்கள். கொன்றும் சாகாதவை எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் கூடத்தை நடத்திய மேடத்தின் கேள்வி.

தைலம்

செல்கள் வளர ஒரு சூட்டுப்பெட்டி உண்டு. உள்ளே நம் உடம்புச் சூடு, முப்பத்தேழு டிகிரி. கொடைக்கானலில் வருடம் முழுக்கக் குளிராத ஒரே இடம் அதுதான். உள்ளே காயாமல் இருக்க அடியில் ஒரு தட்டில் தண்ணீர் இருக்கும். ஓர் ஆடி மாதம் கூடத்துச் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. வீட்டில் செய்கிற பழக்கத்தில், அந்தத் தண்ணீரில் நாலு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டேன். மறுநாள் பெட்டியிலிருந்த அத்தனையும் செத்து மிதந்தன. நான்தான் என்று சொல்லி அழுதேன். டெக்னீஷியன் அருள்தான் பெட்டிக்குள் முகர்ந்துவிட்டுக் கேட்டான்: "ஏக்கா, அதுகளுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

ஏரியில் படகுகள்

திரும்பவும் தொடங்கி, எட்டு மாதம் மருந்து ஊற்றியதில் ஒரே ஒரு குப்பியில் கொஞ்சம் செல்கள் பிழைத்தன. அவை பெருகினால்தான் எடுத்து உறையவைத்துச் சேமிக்கலாம். அதுவரை வேறு கையிருப்பு கிடையாது. அந்தக் குப்பி போனால் எட்டு மாதமும் போச்சு. அது இருந்த தட்டின் பக்கமே நான் போகமாட்டேன்.

ஒருநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். மூடுபனி கலையும்போது ஏரியில் ஒவ்வொரு படகாகத் தெரியுமே, அப்படி இருந்தது. நகர்கிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியாத படகுகள். முதுகு வலித்தபோதுதான் நிமிர்ந்தேன். "இம்புட்டு அழகா இருந்துக்கிட்டு ஏன் மேடம் ஆளைக் கொல்லுது?" என்றேன். "நல்ல செல்லுக்கு நேரம் வந்தா சாகத் தெரியும் பாக்கியம்மா. இதுக்கு அது மறந்துபோச்சு."

பள்ளங்கி பஸ்

நான் எதைக் கழுவுகிறேன் என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, எங்கள் ஊர் பள்ளங்கிக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. ஒருநாள் வேறு வழியில்லாமல், கேரட் மூட்டையோடு ஏறிய முத்தம்மா வந்து உட்கார்ந்தாள். அதெல்லாம் ஒட்டாது, எங்கள் மேடமே சொல்லியிருக்கிறார் என்றேன். மூட்டையை எங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒட்டாதுன்னு ஒங்க மேடத்துக்குத் தெரியும். அந்தக் கேன்சருக்குத் தெரியுமா?"

கரண்ட் போன நாள்

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து, காலையிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் ரெண்டு மணி நேரம் ஓடி நின்றது. டீசல் வர வழியில்லை. பெட்டியின் சூடு முப்பத்தைந்து, முப்பத்து மூன்று என்று இறங்கிக்கொண்டே வந்தது. சுடுதண்ணீரில் வைக்கலாமா என்றான் அருள். சூடு கூடிவிட்டால் செத்துவிடும் என்றார் மேடம். "ஒடம்புச் சூடுதான வேணும்? அது ஏங்கிட்ட இருக்கே மேடம்" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது.

பிழைத்த செல்கள் இருந்த அந்தக் குப்பியை இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தந்தார்கள். மேடத்தின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து, ஸ்வெட்டருக்குள் வயிற்றின்மேல் படுக்கவைத்துக்கொண்டேன். ஜன்னல் இடுக்கில் பனி புகுந்து, மேசைகளும் பாட்டில்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. மேடம் டீ போட்டுக் கொண்டுவந்து, அசையாமல் குடிக்கச் சொன்னார். இருமல் வந்தது, அடக்கினேன். மூச்சு விடும்போது குப்பியும் மெல்ல ஏறி இறங்கியது. ஏரியே என் வயிற்றின்மேல் இருப்பதுபோலத் தோன்றியது. நெஞ்சில் தைலம் எதுவும் தேய்த்திருக்கவில்லையே என்று மட்டும் பத்துத் தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. மேடம் குப்பியை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். இதையும் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் நிமிராமலேயே சொன்னார்: "பாக்கியம்மா, ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுக்கிட்டு இருக்கு. பெட்டியவிட ஒங்ககிட்டதான் சொகமாத் தூங்கியிருக்கு போல."

என் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோதுகூட ஒரு மத்தியானம் முழுக்க என்னை அசையவிடாமல் உட்காரவைத்து டீ கொடுத்தவர் யாருமில்லை. அந்தக் கவனிப்பு எனக்குக் கிடைத்தது, சாகத் தெரியாத ஒரு குப்பிச் செல்லைச் சுமந்தபோதுதான்.