சர்க்குலர் சாரின் பறிமுதல் அலமாரி

கன்னியர் மடத்துப் பள்ளியின் அலுவலக எழுத்தருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும், அவ்வளவு ஏன், கட்டிய மனைவிக்கும்கூட அவர் சர்க்குலர் சார்தான். இருபத்தொன்பது வருஷமாகச் சுற்றறிக்கை அடித்து அடித்து அந்த நடை அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் காஸ் தீர்ந்துபோனால் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவார்: ‘பொருள்: சமையல் எரிவாயு தீர்ந்தது தொடர்பாக. பார்வை: தங்கள் வாய்மொழிப் புகார், இன்று காலை.’ நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி அதன் கீழேயே ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போவார்.

அந்த வருஷம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை பாதியாக விழுந்தது. இரண்டு தெரு தள்ளிப் புதிதாக வந்த பள்ளியில் நீச்சல் குளம் இருந்தது. ஒரு குதிரைகூட இருந்தது. குதிரை என்ன பாடம் நடத்துகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது தலையை ஆட்டும் வீடியோவை ஊரே பார்த்தது.

தலைமை ஆசிரியையான சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு விட்டார்.

“சார், இனிமே நாமளும் ஃபேஸ்புக்ல இருக்கணும். பக்கத்தை நீங்கதான் பார்த்துக்கணும்.”

“நானா? கம்ப்யூட்டர் டீச்சர் இருக்காங்களே சிஸ்டர்?”

“அவங்க பிரசவ லீவுல இருக்காங்க. அந்த லீவு சர்க்குலரை அடிச்சதே நீங்கதானே?”

சர்க்குலர் சார் அன்றைக்கே முதல் பதிவு போட்டார். ‘பொருள்: பள்ளியின் சிறப்புகள் தொடர்பாக. மேற்காண் பொருள் தொடர்பாக, இப்பள்ளி சிறப்பாக இயங்கி வருகிறது என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. நகல்: அனைவருக்கும்.’

மூன்று நாளில் ஏழு லைக். நான்கு மடத்து சிஸ்டர்களுடையது. ஐந்தாவது மனைவி, ஆறாவது வெளியூரில் படிக்கும் மகள். ஏழாவது ஒரு எண்ணெய் வியாபாரி. ‘உங்களுக்கு முடி கொட்டுகிறதா?’ என்றும் கேட்டிருந்தார். ஏதோ அக்கறையாக விசாரிக்கிறார் என்று நம்பி, சர்க்குலர் சார் ‘ஆம்’ என்று பதில் போட்டார்.

மகள் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். “அப்பா, அது போஸ்ட்டா, நோட்டீஸா? கதை சொல்லுங்கப்பா. ஜனங்களுக்குக் கதைதான் வேணும்.”

“கிளார்க்குக்கு ஏதும்மா கதை? எங்கிட்ட இருக்கிறது ரெஜிஸ்டர்தான்.”

“அப்ப அந்த ரெஜிஸ்டரையே போடுங்க!” என்று எரிச்சலில் சொல்லிவிட்டு வைத்தாள். சர்க்குலர் சார் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி உண்டு. வகுப்பில் பிள்ளைகளிடம் பிடுங்கியதை எல்லாம் ஆசிரியர்கள் அங்கேதான் கொண்டுவந்து தள்ளுவார்கள். சர்க்குலர் சார் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, பதிவேட்டில் ஏற்றி, உள்ளே வைத்துப் பூட்டுவார். பெற்றோர் வந்து கேட்டால்தான் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. வீட்டில் சொல்லி உதை வாங்குவதற்குப் பொருளே போகட்டும் என்று முக்கால்வாசிப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அலமாரிக் கதவு பிதுங்கிக்கொண்டு நின்றது.

அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் படம் எடுத்து, பதிவேட்டில் இருந்ததை எழுத்து மாறாமல் அடித்தார்.

‘வரிசை எண் 114. டப்பா ஒன்று. வகுப்பு 5 அ. உள்ளே தவளை ஒன்று, உயிருடன். தவளை தோட்டத்தில் விடுவிக்கப்பட்டது. டப்பா அலுவலகக் காவலில் உள்ளது. மாணவர் விளக்கம்: அது என் நண்பர்.’

மறுநாள் இன்னொன்று, படத்தோடு. ‘வரிசை எண் 203. கடிதம் ஒன்று. வகுப்பு 10 இ. பொருள்: காதல். எழுத்துப்பிழை பதினொன்று. தமிழாசிரியை திருத்தி, மதிப்பெண் இட்டு ஒப்படைத்தார். பெறுநர் பெயர் மறைக்கப்பட்டுள்ளது.’

ஒரே வாரத்தில் பக்கம் தீப்பிடித்த மாதிரி பரவியது. கடல் தாண்டிய ஊரில் இதய டாக்டராக இருக்கும் ஒருவர் ‘சார், அது என் டப்பா! தவளை நல்லா இருக்கா?’ என்று கேட்டார். கடிதத்தின் கீழே ஒரு பெண் எழுதினார்: ‘பேரை மறைச்சா என்ன? அந்தக் கையெழுத்தோடதான் பத்து வருஷமா குடித்தனம் பண்றேன். இந்த லெட்டர் மட்டும் எனக்கு வந்து சேரவேயில்லை.’ அதற்கும் கீழே அவருடைய கணவர்: ‘எத்தனை மார்க் போட்டாங்க சார்?’

வினை பல்செட்டில் வந்தது. ‘வரிசை எண் 267. பல்செட் ஒன்று, மேல் வரிசை. கண்டெடுத்த இடம்: ஆசிரியர் அறை. உரிமை கோருவார் எவருமில்லை.’ இதைப் போட்ட மறுநாள் காலை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

“யாரைக் கேட்டுய்யா அதைப் போட்டீங்க?”

“உங்களுதா சார்?”

“எனக்கு எதுக்குய்யா பல்செட்? எல்லாம் சொந்தப் பல்லு. ஒரு நண்பருக்காக விசாரிக்க வந்தேன்.”

“நண்பர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே சார்.”

“அவர் வெளியே தலைகாட்டக் கூச்சப்படறார்.”

கடைசியில் பதிவேட்டில் ‘நண்பருக்காக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வாசலில் திரும்பி நின்று லேசாகச் சிரித்தார். கணக்கு வாத்தியார் சிரித்து அந்தப் பள்ளி அன்றுதான் பார்த்தது.

அன்று மதியமே சிஸ்டர் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“சார், எங்க கன்னியர் சபையோட மாகாணத் தலைவி போன் பண்ணாங்க. ‘பள்ளிக்கூடம் நடத்தறீங்களா, திருட்டுச் சாமான் கடை நடத்தறீங்களா’ன்னு கேட்டாங்க. போட்டது அத்தனையும் எடுத்துடுங்க.”

மேலிடத்து உத்தரவை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அதேபோல, காகிதம் இல்லாத உத்தரவை ஒருநாளும் நிறைவேற்றியதுமில்லை.

“எழுத்து மூலமா வேணும் சிஸ்டர்.”

சிஸ்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். ‘இதுவரை வெளியிட்ட பதிவுகள் அனைத்தையும்’ என்று எழுதி முடிப்பதற்குள் சர்க்குலர் சார் போய் ஒரு தகர விசிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“இது நாளைக்குப் போடறதா இருந்தது. இதையும் உத்தரவுல சேர்த்துட்டா முறையா இருக்கும்.”

சீட்டில் மை மங்கியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. ‘வரிசை எண் 9. விசில் ஒன்று. வகுப்பு 8 ஆ. ஆயர் (பிஷப்) மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஊதப்பட்டது. மாணவி விளக்கம்: முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.’

சிஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். பேனா கையிலேயே நின்றுவிட்டது.

“இது இன்னுமா இருக்கு?”

“அலுவலகக் காவல்ல இருக்கு சிஸ்டர்.”

“அது நான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம் சிஸ்டர். மறக்குமா?”

“நாலு வருஷமா தினமும் என் எதிர்ல நின்னு கையெழுத்து வாங்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே!”

“பெற்றோர் வந்து கேட்டாத்தான் பேசணும்னு விதி சிஸ்டர்.”

சிஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தலையிலிருந்து முந்தானை மாதிரி தொங்கிய வெள்ளைத் துணியில் விசிலைத் துடைத்தார். வேலை செய்கிறதா என்று பார்க்க மெதுவாகத்தான் ஊதினார். விசிலுக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியவில்லை. வெளியே மைதானத்தில் இருநூறு பிள்ளைகள் அப்படியே சிலையாக நின்றார்கள். பந்து மட்டும் தனியாக உருண்டு கோலுக்குள் போனது. ஊதாமலேயே சத்தம் கேட்டதால், விளையாட்டு மாஸ்டர் தன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துச் சந்தேகமாகப் பார்த்தார்.

பாதி எழுதிய உத்தரவு குப்பைக் கூடைக்குப் போனது. வரிசை எண் 9 பக்கத்துக்குப் போனது. அதன் கீழே சிஸ்டரே எழுதினார்: ‘அந்த மாணவி நான்தான். மறையுரை நாற்பது நிமிஷம் ஓடியது என்பதையும் பதிவு செய்து கொள்ளவும்.’

அடுத்த ஒரு மணி நேரம் சிஸ்டர் ஜெபமாலையும் கையுமாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாகாணத் தலைவியிடமிருந்து பதில் வந்தது: ‘நாற்பத்தைந்து. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.’

பிறகு விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. சேர்க்க வந்த தாய் ஒருத்தி நீச்சல் குளம் உண்டா என்று கேட்கவில்லை. “உங்ககிட்ட குடுத்தா எதுவும் தொலையாதாமே?” என்று மட்டும் கேட்டாள். ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு போட வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியல் முழுவதையும் சர்க்குலர் சார்தான் அடித்தார்.

ஒரு மதியம் தையல்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அலமாரியில் ஒரு மவுத் ஆர்கன் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இருந்தது. வகுப்பு 6 அ.

“அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க சார். அப்போ அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அப்புறம் கூட்டிட்டு வரவே முடியலை. நானும் படிப்பை விட்டுட்டேன்.”

சர்க்குலர் சார் அதைத் துடைத்துக் கையில் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினாள். “வேண்டாம்மா” என்றார். இருபத்தொன்பது வருஷத்தில் கையெழுத்தில்லாமல் அந்த அலமாரியை விட்டு போன ஒரே பொருள் அதுதான். சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது, “இதைப் போடலையாங்க? எல்லாரும் அழுதிருப்பாங்களே” என்றார்.

“அதனாலதான் போடலை” என்றார் அவர்.

எல்லாம் நல்லபடி நடந்தாலும், யாரும் நினைக்காத ஒரு தொல்லை முளைத்தது. பள்ளி விட்டதும் அலுவலக ஜன்னலில் பிள்ளைகள் வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் ரப்பர் பாம்பு கொண்டுவந்தான். ஒருத்தி அலாரம் கடிகாரம். இன்னொருவன் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பின்னாலேயே தாத்தா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். வரிசையின் முன்னால் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பம்பரத்தை நீட்டினாள்.

“சார், என்னுதைப் பறிமுதல் பண்ணிப் போட்டோ போடுங்க சார்.”

“சும்மா எல்லாம் பண்ண முடியாதும்மா. ஏதாவது தப்பு பண்ணியிருந்தாத்தான்.”

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றாள். “என்ன தப்பு பண்ணணும்னு சொல்லுங்க சார். இப்பவே பண்ணிடறேன்.”