சுடுதண்ணிக்காரர் மகள்

ஜப்பான்காரன் ஆட்சியில் எங்கள் சந்துக்குக் கிடைத்த ஒரே நன்மை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டது, குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை நின்றுபோனதைத்தான். வெள்ளைக்காரன் இருந்தவரை அந்த வாசனையைத் திட்டாதவர் கிடையாது. தண்ணீரில் எதையோ கலந்து நம் ஆட்களை மலடாக்குகிறான் என்பார் ஒருவர். பல் ஆடுவதும் தலைமுடி கொட்டுவதும் அதனால்தான் என்பார் இன்னொருவர். இப்போது சிங்கப்பூர் சியோனான் ஆகிவிட்டது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் எந்த வாசனையும் இல்லாமல் கிணற்று நீர் மாதிரி வந்தது. "தண்ணி இப்பதான் தண்ணியா இருக்கு லா" என்று குழாயடியில் பெண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

இந்த மகிழ்ச்சியில் சேராதவர் என் அப்பா ஒருவர்தான். அவருக்குக் குழாய் பழுதுபார்க்கும் வேலை. முன்பு வெள்ளைக்காரனுக்குச் செய்தார், இப்போது ஜப்பான்காரனுக்குச் செய்தார். குழாய்கள் அவையேதான்.

சிராங்கூன் சாலையிலிருந்து தேக்கா பக்கம் பிரியும் ஒரு சந்தில், கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. பின்முற்றத்துக் குழாய் எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. ஒருநாள் மத்தியானம் அப்பா வேலையிலிருந்து நேரே அந்தக் குழாய்க்குப் போனார். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து முகர்ந்தார், கீழே கொட்டினார், மறுபடி பிடித்து முகர்ந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அந்தப் புழுக்கத்தில் பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று பொருள்.

"இனிமே காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டு யாரும் குடிக்கக் கூடாது" என்றார். "நல்லாக் கொதிக்கணும்."

"வெறகு?" என்றாள் அம்மா.

அப்பா காரணத்தைச் சொன்னார். குண்டு விழுந்தபோது சந்து முனையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. இரும்பு கிடைக்காததால் அவரே ரப்பரைச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அந்தக் குழாய் சாக்கடைக்குள்ளேதான் கிடக்கிறது. தண்ணீர் வேகமாக வரும்போது ஓட்டை வழியாக வெளியே கசியும். வேகம் குறைந்தால் சாக்கடை உள்ளே போகும். முன்பென்றால் மருந்து அதிலுள்ள கிருமியைக் கொன்றிருக்கும். இப்போது மருந்துக்கும் தட்டுப்பாடு. "வாசனை போச்சுன்னு சந்தோஷப்படுறாங்க" என்றார் அப்பா.

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிருவோமே" என்றாள் அம்மா.

கூடாது என்று அப்பா தலையை ஆட்டினார். அவருடன் வேலை செய்த ஒருவர் மருந்து குறைந்துவிட்டது என்று வெளியே யாரிடமோ சொல்லியிருக்கிறார். மறுநாள் ராணுவப் போலீஸ் லாரி வந்து, வதந்தி பரப்பினான் என்று அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் எங்கே என்று அவர் வீட்டார் இன்னும் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அப்பா குனிந்து என் இரண்டு தோள்களையும் பிடித்தார்.

"உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போனா, அப்பா வீட்டுக்கு வரமாட்டேன். புரியுதா?"

எனக்கு ஒன்பது வயது. அந்த ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமும் விளையாட்டும் கெட்டன. காரணம் பாப்பா. மாடி அறையில் இருந்த அத்தையின் மகள் அவள், மூன்று வயது. சொந்த அத்தை இல்லை, கூப்பிடுகிற முறை. அத்தையின் கணவரை சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள், சேதியே இல்லை. அத்தை பகலெல்லாம் கிழங்குமாவு ரொட்டி விற்கப் போவார். பாப்பா என் இடுப்பில்தான் வளர்ந்தாள். அவளுக்குக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதில் அப்படியொரு ஆசை. அவள் அடிக்கடி குழாயடிக்கு ஓடுவாள். பின்னாலேயே ஓடித் தூக்கிவிடுவேன். அவள் வீறிடுவாள். குடிக்கிற தண்ணீரைக்கூடத் தடுக்கிறாளே என்று குழாயடிப் பெண்கள் என்னை ஏசுவார்கள்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பானையிலிருந்து ஆறிய தண்ணீரைப் பால்டின்னில் மொண்டு, பாவாடை மடிப்பில் மறைத்து எடுத்துப்போய் பாப்பாவுக்குப் புகட்டினேன். ஆனால் அந்தத் தண்ணீருக்காக அம்மா எங்கள் முக்காலியின் கால்களை எரித்திருந்தாள், கட்டில் சட்டங்களில் இரண்டை எரித்திருந்தாள். பானையில் தண்ணீர் குறைவதைப் பார்த்து, "வயித்துல என்ன ஓட்டையா உனக்கு?" என்று திட்டினாள்.

ஒருநாள் ரொட்டி விற்காமல் சீக்கிரம் திரும்பிய அத்தை, மாடிப்படியடியில் எங்களைப் பிடித்துவிட்டார். டின்னை வாங்கி முகர்ந்து பார்த்தார். "என்னடி குடுக்குறே எம்புள்ளைக்கு?" என்று கையை ஓங்கினார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லமாட்டேன்" என்றார். "சத்தியமா சொல்லமாட்டேன் லா."

அவர் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாராம். அவள் கர்ப்பிணி, பாவம் என்று சொன்னாராம். அந்தக் கர்ப்பிணி தன் மாமியாரிடம் சொன்னாள். மூன்றாம் நாள் குழாயடியில் கூட்டமே இல்லை. எல்லா அடுப்பிலும் புகை. சேதி சந்து முழுக்கச் சுற்றி வந்து எங்கள் அம்மாவின் காதில் விழுந்தபோது, ஜப்பான்காரன் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டான் என்று ஆகியிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். முன்னால், ஜப்பான்காரன் எங்கள் தெருவுக்கு நியமித்த, கையில் பட்டை கட்டிய பொறுப்பாளர், அவர் பின்னால் இடுப்பில் வாள் தொங்கும் ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர். எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். எல்லாரும் குனிந்து வணங்கினோம். தண்ணீரில் விஷம் என்று முதலில் சொன்னது யார் என்று மலாயில் கேட்டார்கள். அதிகாரி மெதுவாக வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அத்தைக்கு எதிரில் நின்றார். அத்தை பாப்பாவை இடுப்பில் இடுக்கியிருந்தார். அத்தை வாயைத் திறந்தால் என் பெயர். என் பெயர் வந்தால் அப்பா. என் கால் வழியே சிறுநீர் இறங்கியது.

அத்தை பேசவில்லை. சிப்பாய் அறைந்தான். உதடு கிழிந்தது. அப்போதும் பேசவில்லை. சிப்பாய் மறுபடி கை ஓங்கியபோது அப்பா வரிசையிலிருந்து வெளியே வந்தார்.

"பைப்பு வேலை செய்யுறவன் நான். இந்தத் தண்ணில ஒண்ணுமில்ல. பொம்பளைங்க வெறும் பேச்சு" என்று மலாயில் சொல்லிக் குனிந்தார்.

அதிகாரி குழாயைக் காட்டினார். அப்பா தகரக் குவளையை எடுத்து, நிரம்ப நிரம்பப் பிடித்து, நிறுத்தாமல் குடித்தார். காலி குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். அதிகாரி அத்தோடு விடவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் கேட்டது எனக்கே புரிந்தது. பிள்ளை உண்டா?

அப்பா மறுபடி குவளையை நிரப்பினார். என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிம்மா. நல்ல தண்ணி."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அன்று அறைக்குள் என் தோளைப் பிடித்தபோது இருந்த அதே முகம்தான். குடித்தேன். பாதியில் புரையேறியது. மீதியையும் குடித்தேன். அதிகாரி சிரித்து என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் சந்து திரும்பியதும் அம்மா என்னைத் தரதரவென்று சாக்கடை ஓரம் இழுத்துப்போய், தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டாள். குடலே வெளியே வருகிற வரை விடவில்லை. உப்புக் கரைத்த சுடுதண்ணீரை வாயில் ஊற்றி மறுபடியும் விட்டாள். ரகசியத்தைச் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்து, "இனிமே சொல்லமாட்டேம்மா, சொல்லமாட்டேம்மா" என்று கதறினேன். அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அப்பா முற்றத்தில் எல்லாரும் பார்க்க நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் கலைகிற வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

என்னை அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. அப்பாவுக்கு நாலைந்து நாள் வயிற்றுப்போக்கு. அதையும் கிழங்கு சேரவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். ஆனால் சந்தில் அடுப்புகள் அணைந்துவிட்டன. பைப்பு வேலைக்காரரே பெற்ற மகளுக்குக் கொடுத்துவிட்டார், இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? குழாயடியில் கூட்டம் திரும்பிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வீடாகக் காய்ச்சல் வந்தது. சந்து முனையில் கீரை விற்ற தாத்தா மூன்று வாரம் படுத்துக் கிடந்து செத்துப்போனார். அவரைத் தூக்கிய அன்று அப்பா சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாள்தான் என் அப்பா பைத்தியமானார். அப்படித்தான் நான் நினைத்தேன். அதிகம் பேசாத மனிதர் வாசல் வாசலாக ஏறி இறங்கி, சுடுதண்ணீரின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தார். முடி கொட்டுகிறது என்றவரிடம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் முடி வளரும் என்றார். கர்ப்பிணியிடம், சுகப்பிரசவம் ஆகும் என்றார். கிழவர்களுக்கு மூச்சிரைப்பு போகும், கல்யாணமாகாத பெண்களுக்கு முகம் பளபளக்கும். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, தங்கமான தண்ணீர், ஆனால் சூட்டில்தான் சத்து இறங்குகிறது என்று முடிப்பார். விறகில்லை என்பவர்களுக்காக, காத்தோங் கடற்கரைத் தோப்புகளில் விழுந்து கிடந்த தென்னை மட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்.

சந்து முழுக்கச் சிரித்தது. பிள்ளைகள் என்னைச் "சுடுதண்ணிக்காரர் மகளே" என்று கூப்பிட்டார்கள். நான் அவமானத்தில் செத்தேன். அறைக்குள் ஒரு பேச்சு, முற்றத்தில் ஒரு பேச்சு, இப்போது வாசல் வாசலாக வேறொரு பேச்சு. என் அப்பா இவ்வளவு பொய் சொல்லுவார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இதில் பெரிய கொடுமை, மாடி அத்தையும் அவரோடு சேர்ந்துகொண்டதுதான். ஒருநாள் குழாயடியில் ஆறேழு பெண்கள் நின்றிருந்தபோது, உதட்டுத் தழும்போடு சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் சொன்னாருன்னு பத்து நாளா நானும் பாப்பாவும் சுடுதண்ணிதான். என் முட்டிவலி போன எடம் தெரியல லா!"

பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தி தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு எப்ப அத்தை முட்டிவலி இருந்துச்சு?" என்று உரக்கக் கேட்டேன்.

அத்தையின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் கை மட்டும் என் புஜத்தைத் தேடி வந்து, சதையைப் பிடித்து ஒரு திருகு திருகியது. "மறந்துட்டியா? படி ஏற முடியாம தெனமும் உன் தோளத்தானே புடிச்சுக்குவேன்" என்றார்.

அழுதுகொண்டே ஓடிப்போய் அம்மாவிடம் கையைக் காட்டினேன். சிவந்து கன்றியிருந்த இடத்தை அம்மா உற்றுப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு கிள்ளு கிள்ளியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். அப்பா தலை நிமிரவில்லை. மட்டைகளைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து, எந்த வீட்டுக்கு எது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

உலகத்தில் உண்மை பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்று முடிவுசெய்து, அன்று முழுக்க அவர்கள் யாரோடும் நான் பேசவில்லை.